பாம்புக் கடியும் கமக்காரரும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதைநெல், பசளை, நீர்ப்பாய்ச்சல், பூச்சி, நோய் ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் வழமையாகப் பேசிக்கொள்வோம். இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் விடயம் பயிர் செய்பவரின் உயிரைப் பற்றியது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஓரளவாவது ஈடுசெய்துகொள்ளலாம். அரிவி வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு உழைப்பவர் பாம்பு கடித்து இறந்துபோனால், அந்த வீட்டின் எத்தனை போகங்கள் பாழாகும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாம்புக் கடிக்குச் சிகிச்சை செய்வது வைத்தியரின் பணி. ஆயினும் கடி நிகழ்வது வயலிலும் தோட்டத்திலும் வீட்டுத் திண்ணையிலுமாகும். கடித்த நேரந் தொடக்கம் வைத்தியர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் நேரம் வரையுள்ள காலம் முழுவதும் உங்கள் கையிலேயே இருக்கின்றது. அக்காலத்தை எவ்வாறு செலவிட வேண்டும் என்பதே என் உரையின் சாரம்.

எத்தனை பேர் கடியுண்கின்றனர்?

எமது நாட்டில் பாம்புக் கடி எவ்வளவு நிகழ்கின்றது என்பதை அறிய, வைத்தியசாலைப் பதிவுகளை மட்டும் பார்த்தாற் போதாது. வைத்தியசாலைக்குச் செல்லாதவர்களின் கணக்கு அங்கே இராது. ஆகவே 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதிலும் வீடு வீடாகச் சென்று ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 44,000க்கு மேற்பட்ட வீடுகளில், சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவான அளவில், ஏறத்தாழ 165,000 பேரைப் பற்றி விசாரிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது. அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகின்றது. 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. கடியுண்பவர்களுட் பெரும்பாலோர் கமத்தொழில் செய்வோரும் கிராமத்தில் வாழ்வோருமே என்பதை இங்குள்ள எவரும் அறிவர்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 54 இலட்சம் பேரைப் பாம்பு கடிப்பதாகவும், 81,000 முதல் 138,000 பேர் வரை இறப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பாம்புக் கடி நஞ்சேற்றத்தைக் கவனிப்பாரற்ற வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. 2030ஆம் ஆண்டளவில் இறப்பையும் உடற்குறைபாட்டையும் பாதியாகக் குறைக்க வேண்டுமென 2019இல் ஒரு திட்டமும் வகுத்தது. அத்திட்டம் நிறைவேற வேண்டுமாயின் மருந்தும் வைத்தியரும் மட்டும் போதா. வயலிலிருந்து நோயாளி உரிய நேரத்தில் வந்துசேரவும் வேண்டும்.

அறிய வேண்டிய ஐந்து பாம்புகள்

இலங்கையில் ஏறத்தாழ நூறு வகைப் பாம்புகள் உள. அவற்றுட் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை. கமக்காரர் நன்கு அறிந்துவைக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, கண்ணாடி விரியன். எம்மவர் இதனைப் புடையன் என்றும் அழைப்பர். பருத்த உடலும் முக்கோணத் தலையும் கொண்டது. கபில நிற முதுகில் கருவளையப் புள்ளிகள் மூன்று நிரைகளாக இருக்கும். நெருங்கினால் உரத்துச் சீறும். வயலுக்குரிய எமன் இதுவே. நெல் முற்றும் காலத்தில் எலிகள் கூடுகின்றன. எலியைத் தேடிப் புடையன் வருகின்றது. அவ்வேளையிலேயே நாமும் அரிவாளுடன் இறங்குகிறோம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் உண்டாகும். இரத்தம் உறையும் தன்மையை இழக்கும்; முரசிலிருந்தும் சிறுநீரிலும் இரத்தம் வரலாம். சிறுநீரகம் பழுதடையலாம். எமது நாட்டுப் புடையனின் நஞ்சினால் கண் இமைகள் சோர்ந்து விழுவதும் உண்டு.

இரண்டாவது, கட்டுவிரியன். எண்ணெய் பூசினாற் போன்று மினுங்கும் கருமேனியில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். பகலில் ஒதுங்கிக் கிடந்து இரவில் நடமாடும். நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கின்றது. இதன் கடி வலிப்பதில்லை; வீங்குவதுமில்லை; பல்லடையாளம் கூடத் தெரியாமற் போகலாம். உறங்கியவர் எறும்பு கடித்ததென எண்ணி மீண்டும் உறங்கிவிடுவார். பின்னர் வயிற்றுவலி, வாந்தி ஏற்படும். இமை சோரும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, இறுதியில் மூச்சு அடங்கும். வலி இல்லாத கடி நஞ்சில்லாத கடி என்று நம்புவது எத்தகைய ஆபத்து என்பதை இதிலிருந்து உணரலாம். இரவு நிலத்திற் படுத்தவர் விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் இமைச் சோர்வும் கொண்டால், பாம்பைக் கண்டவர் எவரும் இல்லாவிடினும், அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மூன்றாவது, நாகம் எனப்படும் நல்லபாம்பு. இதனை அடையாளங் காட்ட வேண்டியதில்லை. கடித்த இடம் வலித்து வீங்கித் தசை அழுகலாம்; இமை சோர்ந்து மூச்சும் தடைப்படலாம்.

நான்காவது, சுருட்டை விரியன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வரண்ட கரையோர மணற்பகுதிகளிலும் காணப்படும் சிறிய பாம்பு. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஓசை எழுப்பும். இரத்தம் உறையாமை இதன் நஞ்சினாலும் உண்டாகும்.

ஐந்தாவது, மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன். சிங்களத்தில் இதனைக் குனகட்டுவா என்பர். அரை மீற்றருக்கு மேற்படாத இச்சிறு பாம்பு, உலர்ந்த இலைகளுக்கிடையில், அவற்றின் நிறத்திலேயே கிடக்கும். தென்னை, வாழைத் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் கை வைத்தவரையும் கால் வைத்தவரையும் கடிக்கும். நாட்டின் பல பகுதிகளில் மிகக் கூடுதலான நஞ்சுக் கடிகளுக்குக் காரணம் இதுவே. பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும் மட்டுமே உண்டாகும். ஆனால் ஒரு சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைகின்றது. ஆதலின் சிறு பாம்பென்று அலட்சியஞ் செய்தல் ஆகாது.

பிழைத்தவர் கூறும் சாட்சி

இனி, நாம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டிய ஒரு விடயம். எமது கிராமங்களிற் பாம்பு கடித்தவுடன் விஷகல் வைப்பவரிடமோ, மந்திரிப்பவரிடமோ, மூலிகைச் சாறு கொடுப்பவரிடமோ செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அவர்களை இகழ்வது என் நோக்கமன்று. வைத்தியசாலைகள் தூரத்தில் இருந்த காலத்திலே கிராமத்துக்கு ஆறுதலாக இருந்தவர்கள் அவர்களே. "இவரிடம் சென்ற இன்னார் பிழைத்தார், நானே கண்டேன்" என்று நீங்கள் கூறுவதும் பொய்யன்று.

ஆனால் முன்னர் கூறிய கணக்கை மீண்டும் நோக்குங்கள். 80,000 பேரைப் பாம்பு கடிக்கும்போது நஞ்சு ஏறுவது 30,000 பேருக்கே. அதாவது, எட்டுப் பேரைக் கடித்தால் ஐவருக்கு நஞ்சு ஏறுவதில்லை. அவர்களைக் கடித்தது நஞ்சற்ற பாம்பாக இருக்கலாம். அல்லது நஞ்சுள்ள பாம்பே நஞ்சைச் செலுத்தாது கடித்திருக்கலாம். அந்த ஐவரும் விஷகல் வைத்தாலும் பிழைப்பர், மந்திரித்தாலும் பிழைப்பர், ஒன்றுஞ் செய்யாது இருந்தாலும் பிழைப்பர். பின்னர் ஐவரும் ஊருக்குள் நடமாடிச் சாட்சி சொல்வர். எஞ்சிய மூவரில் எவரேனும் தாமதத்தால் இறந்திருந்தால் அவர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. "விதி முடிந்தது" என்று நாமும் அமைதி கொள்கிறோம்.

கடியுண்டவர் அந்த ஐவருள் ஒருவரா, மூவருள் ஒருவரா என்பதைக் கடித்த முதல் அரைமணி நேரத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வைத்தியராலும் முடியாது, அதனாலேயே அவர் நோயாளியை வாட்டில் வைத்துப் பார்க்கின்றார். ஆதலால் ஒவ்வொரு கடியையும் நஞ்சேறிய கடியாகவே கொண்டு நடக்க வேண்டும். ஐவரை வீணாகக் கொண்டுசென்றதாக எண்ணவேண்டாம். மூவரைக் காக்கும் வழி அது ஒன்றே. உள்ளூர் வைத்தியர்களும் இதனை ஏற்று, தம்மிடம் வருவோரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பார்களாயின், அவர்கள் செய்யும் உதவிக்கு ஈடு இராது.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. பாம்பிலிருந்து விலகுங்கள். கடியுண்டவரை அவ்விடத்தை விட்டு அப்பால் கொண்டுவந்து இருத்துங்கள், அல்லது படுக்க வையுங்கள். மனந் தேற்றுங்கள். கடியுண்ட எல்லோருக்கும் நஞ்சு ஏறுவதில்லை என்பதையும், ஏறினாலும் மருந்துண்டு என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் உண்மையே.

2. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், காற்சலங்கை, இறுகிய உடை ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பின்னர் அவை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

3. கடித்த இடத்தைத் தேய்க்காமல் நீரால் மெதுவாகக் கழுவலாம்.

4. கடியுண்ட கையையோ காலையோ அசையாமல் வைத்திருங்கள். தடி, பலகைத் துண்டு ஆகியவற்றை அணைகோலாக வைத்துச் சாரத்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டின் கீழே விரல் எளிதில் நுழைய வேண்டும். தசை அசையும்போது நஞ்சு விரைந்து பரவும் என்பதே இதற்குக் காரணம்.

5. நடக்க விடாதீர்கள். வரம்பு வழியே தூக்கியோ கட்டிலில் வைத்தோ தெரு வரைக்கும் கொண்டுவாருங்கள். வண்டி இல்லையெனில் மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவருக்கும் பின்னாலிருந்து பிடிப்பவருக்கும் நடுவே இருத்திக் கொண்டுசெல்லலாம். கட்டணமில்லாத சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

6. வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வழியில் மூச்சு நின்றுவிட்டால், வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, வைத்தியசாலை சேரும் வரையில் விடாது தொடருங்கள். கட்டுவிரியன் கடியுண்டவர் கண் திறக்க முடியாமலும் விரலசைக்க முடியாமலும் பிணம் போற் கிடந்தாலும், உள்ளே நினைவோடு இருக்கக்கூடும். இறந்தாரெனக் கைவிடாதீர்கள்.

7. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இமை சோர்ந்த நேரம், வாந்தி எடுத்த நேரம் ஆகியவற்றையும் நினைவில் வைத்து வைத்தியரிடம் கூறுங்கள்.

செய்யத் தகாதவை

கடிவாயின் மேலே கயிற்றாலோ துணியாலோ இறுகக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகிப்போகலாம். எவராவது முன்னரே இறுகக் கட்டியிருந்தால், அதனை வழியிலே திடீரென அவிழ்க்கவும் வேண்டாம். தேங்கிய நஞ்சு ஒருமிக்கப் பரவக்கூடும். விரைந்து கொண்டுசென்று வைத்தியரின் முன்னிலையில் அவிழ்க்க விடுங்கள்.

கடிவாயைக் கத்தியாற் கீறாதீர்கள். புடையன் கடித்தவரின் இரத்தம் உறையாத நிலையில், கீறிய காயத்திலிருந்து நிற்காது இரத்தம் வடியும். வாயால் உறிஞ்சுதல், சுடுதல், ஐஸ் வைத்தல், இரசாயனங்களைப் பூசுதல் ஆகிய எதனாலும் நன்மையில்லை. சாராயம் கொடுக்க வேண்டாம். மூலிகைச் சாறு பருக்க வேண்டாம். விழுங்க முடியாதவரின் சுவாசக் குழாயினுள் அது புகுந்துவிடும். வலிக்கு அஸ்பிரின் கொடுத்தல் கூடாது. இரத்தப் பெருக்கை அது கூட்டும். தேவையெனில் விழுங்கக்கூடியவருக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம்.

பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இரண்டாவது ஆளும் கடியுண்பது அவ்வேளையிலேயே. செத்த பாம்பின் தலையும், வெட்டிய சிறிது நேரம் வரையில், கடிக்க வல்லது. தற்செயலாகப் பாம்பு கண்ணெதிரே கிடந்தால், எட்ட நின்று கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும். படம் இல்லாவிட்டாலும் சிகிச்சை நடைபெறும்.

வைத்தியசாலையில் நடப்பவை

என்ன செய்வார்களோ என்ற பயமும் தாமதத்துக்கு ஒரு காரணமாகும். ஆகவே அங்கே நடப்பதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலில் இரத்தப் பரிசோதனை. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பர். பின்னர் குழாயைச் சரித்துப் பார்ப்பர். நல்ல இரத்தம் அதற்குள் உறைந்துவிடும். உறையாமல் வழிந்தால், விரியனின் நஞ்சு ஏறியிருப்பதற்கு அது அறிகுறி. பாம்பைக் காணாமலே வைத்தியர் உண்மையை அறியும் வழிகளுள் இதுவும் ஒன்று. கண் இமை, பேச்சு, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றையும் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பர்.

நஞ்சு ஏறியிருப்பது தெளிவானால் நஞ்சுமுறி மருந்து ஏற்றுவர். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்ற, குதிரையின் உடல் அந்நஞ்சை எதிர்க்கும் பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்குகின்றது. அப்பொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்ததே இம்மருந்து. இந்தியாவிலிருந்து வருவிக்கப்படும் இம்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக ஆக்கப்பட்டது. குழிவிரியன் கடிக்கு இது பயன்படாது. அக்கடிக்கு வேறு வகையிற் பராமரித்து, சிறுநீரகத்தைக் கண்காணிப்பர். அருகிலிருந்தவருக்கு ஊசி போட்டார்கள், எமக்குப் போடவில்லையே என்று வருந்துவோருக்கு இதுவே விடை. நஞ்சேறாதவருக்கும் குழிவிரியன் கடித்தவருக்கும் அம்மருந்து கொடுப்பது தீங்கேயாகும்.

தீங்கு எவ்வாறெனில், குதிரையிலிருந்து பெற்ற பொருளாதலால் பலருக்கு இம்மருந்து ஒவ்வாமையை உண்டாக்கும். உடல் தடித்தல், நடுக்கம், மூச்சிரைப்பு ஏற்படலாம். சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். எமது நாட்டு வைத்தியசாலைகளில் 1,000க்கு மேற்பட்ட நோயாளர்களைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நஞ்சுமுறி மருந்துக்கு முன்னர் தோலின் கீழே சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் கடும் ஒவ்வாமை குறைகின்றது என்பதை நிலைநாட்டியது. ஆபத்தைச் சமாளிக்க ஆயத்தமான இடத்திலேயே இம்மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதும், அதனை வீட்டில் வாங்கி வைத்து ஏற்றிக்கொள்ள முடியாது என்பதும் இதனால் விளங்கும். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. கடித்த பாம்பு செலுத்தும் நஞ்சு, ஆளைப் பார்த்துக் குறைவதில்லை அல்லவா?

மருந்து செய்யக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் உலவும் நஞ்சை அது பிடிக்கும். நஞ்சு ஏற்கனவே செய்துவிட்ட சேதத்தைத் திருப்பாது. பழுதடைந்த சிறுநீரகத்தையும், செயலிழந்த நரம்பு முனையையும், அழுகிய தசையையும் அது உடனே மீட்டுத்தர மாட்டாது. அவ்வாறான நிலையில் மூச்சு இயந்திரத்திலோ இரத்தச் சுத்திகரிப்பிலோ பல நாட்கள் வைத்திருக்க நேரும். வீட்டில் காத்திருந்த நேரம், மருந்தினால் ஈடுசெய்ய முடியாத நேரம் என்பதை மறவாதீர்கள்.

அறிகுறி எதுவும் இல்லையென்றாலும், ஒரு நாளாவது வாட்டில் வைத்துக் கவனிப்பது வழக்கம். "எனக்கு ஒன்றுமில்லை, வெட்டு மெசின் வயலில் நிற்கின்றது" என்று கையொப்பமிட்டு வெளியேறாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மெசின் கூலியைப் பின்னரும் கொடுக்கலாம். வீடு திரும்பிய பின் சிறுநீர் குறைந்தாலும், முகமோ காலோ வீங்கினாலும், தாமதியாது மீண்டும் செல்லுங்கள்.

கடியைத் தவிர்த்தல்

இனிக் கூறப்போவது எனது தொழிலுக்கு நெருங்கிய பகுதி.

சேற்றில் நாற்று நடும்போதும் களை பிடுங்கும்போதும் சப்பாத்து அணிவது இலகுவன்று. அதனை நான் அறிவேன். ஆனால் அறுவடைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னர் நீரை வடித்துவிடுகிறோம். தரை காய்ந்துவிடும். புடையனுக்குப் பெரிதும் அஞ்ச வேண்டிய காலமும் அதுவே. ஆகவே ஆண்டு முழுவதும் அணிய முடியாவிடினும், அரிவி வெட்டு நாட்களிலாவது கணைக்காலுக்கு மேலே வரும் றப்பர் சப்பாத்தை அணியுங்கள். கடியிற் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலுமே விழுகின்றது.

வயலை நாற்புறமும் சுற்றி நடுவை நோக்கி வெட்டிச் சென்றால், எலியும் பாம்பும் நடுவில் எஞ்சிய பயிருக்குள் ஒதுங்கும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, அவை வெளியேற மறுபக்கத்தைத் திறந்து விடுங்கள். கடைசித் துண்டை வெட்டும்போது சிறுவரை அருகே விடாதீர்கள். கிடக்கும் கதிரைக் கையால் அள்ளுமுன் தடியால் தட்டுங்கள்.

எலியைக் குறைத்தால் பாம்பு குறையும். வரம்புகளை அகலமாக விடாமல், நிலம் பண்படுத்தும்போது செதுக்கி, வளைகளை அடைத்துச் சேறு பூசுங்கள். ஒரு வெளியிலுள்ள எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், எலிக்குத் தொடர்ந்து உணவு கிடையாது. சாரைப் பாம்பை அடிக்காதீர்கள். கூலியின்றி எலி பிடிக்கும் வேலையாள் அது. வைக்கோலை வீட்டருகே குவித்து வைக்காமல் வயலிற் பரப்பி மண்ணுடன் சேர்த்தால் பசளையுமாகும், பாம்புக்குப் புகலிடமும் இல்லாமற் போகும். மாட்டுக்கென வைத்திருக்கும் போரிலிருந்து வைக்கோல் எடுக்கும்போது, கையை நுழைக்காமல் கவைத்தடியால் இழுத்தெடுங்கள்.

தோட்டஞ் செய்வோர் பூசணி, வெள்ளரி போன்ற படர்கொடிகளுக்கிடையில் கைவிடுமுன்பும், உலர்ந்த சருகு மூடிய பாத்திகளிற் களை பிடுங்குமுன்பும் ஒரு தடியால் விலக்கிப் பாருங்கள். விறகையும் ஓட்டையும் கல்லையும் அள்ளும்போது அதே கவனம் வேண்டும். குழிவிரியன் கிடப்பது அத்தகைய இடங்களிலேயே.

இரவில் நீர்த் தவணைக்குச் செல்பவர் டோர்ச் விளக்கும் தடியும் சப்பாத்தும் இன்றிச் செல்லலாகாது. நிலவு உண்டே என்று எண்ணுவதும், பழகிய வரம்பு என்று எண்ணுவதும் பலரைக் கடிக்கு ஆளாக்கியுள்ளன.

கட்டுவிரியனுக்கு எதிரான காவல் கட்டிலும் நுளம்பு வலையுமே. கட்டில் இல்லாதோர் பாயின் கீழே வலையின் ஓரத்தை நன்கு செருகி உறங்குங்கள். நுளம்பு வலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக் கடி குறைகின்றது என்பதை நேபாளத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காவல் வாடியில் தங்குவோர் தரையில் படுக்காமல் பரண் அமைத்துக்கொள்ளுங்கள். நெல் மூடைகளைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். கோழிக்கூட்டையும் படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நெல்லைத் தேடி எலியும், எலியையும் முட்டையையும் தேடிப் பாம்பும் வரும்.

போகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம்

ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் நாம் கூடி, நீர் திறக்கும் நாள், விதைக்கும் நாள், வேலி அடைக்கும் நாள், கால்நடை அகற்றும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கிறோம். அவற்றைக் கடி நேர்ந்த பின்னர், இருட்டில், அழுகுரலுக்கிடையில் தீர்மானிக்க முடியுமா? முடியாது. பாம்புக் கடி விடயத்தில் மட்டும் நாம் அவ்வாறே செய்து வருகிறோம். எந்த வைத்தியசாலை, யாருடைய வண்டி, யார் கூடச் செல்வது என்ற பேச்சிலேயே மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுவே. வருகின்ற போகக் கூட்டத்தில் நான்கு விடயங்களைத் தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். முதலாவது, நஞ்சுமுறி மருந்து கொடுக்கும் வசதி எமக்கு அண்மையிலுள்ள எந்த வைத்தியசாலையில் இருக்கின்றது என்பதை இப்போதே விசாரித்து அறிதல். இரண்டாவது, வெளிக்கு அண்மையில் வண்டியுள்ள மூவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எல்லோரும் குறித்து வைத்திருத்தல். இரவிலும் வர இசைந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். மூன்றாவது, அரிவி வெட்டு நாட்களில் வயலிலே ஓர் அணைகோலும் நான்கு முழத் துணியும் டோர்ச் விளக்கும் ஓரிடத்தில் வைத்திருத்தல். நான்காவது, கடியுண்டவரின் வயலில் மிஞ்சிய வேலையை அயல் வயற்காரர் பொறுப்பேற்றல்.

இந்த நான்காவது தீர்மானத்தை அற்பமாக நினையாதீர்கள். பலர் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்குவதும், சென்றவர் ஒரே நாளில் ஓடிவருவதும் நஞ்சைப் பற்றி அறியாமையால் மட்டுமன்று. நெல் கொட்டுண்டு போகும், மழை வரும், கடன் நிற்கும் என்ற கவலையும் அவர்களைப் பிடித்திழுக்கின்றது. "உன் வயலை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம், நீ போ" என்று அயலவர் ஒருவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தை அக்கவலையை நீக்கும். அதனை நான் தர முடியாது. திணைக்களமும் தர முடியாது. நீங்கள் ஒருவருக்கொருவர் தரக்கூடியது அது.

எல்லோருக்கும் நல்ல விளைச்சலும், அதனை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் நற்சுகமும் உண்டாகுக.